கிளினிக் கொப்பியில் ‘ரெமிஷன்’ என்று எழுதியிருக்கிறது, அம்மாவின் கால் இன்னும் நோகிறது

உப்புவெளி மகள் | வெள்ளி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி நோகிற நீண்டகால வருத்தம்) என்று கண்டுபிடித்து நாலு வருடம் ஆகிறது. ஞாயிறு இரவு மெத்தோட்ரெக்சேட் ஆறு குளிசை, அதாவது 15 மில்லிகிராம். மற்ற நாட்களில் ஃபோலிக் அசிட். ஒவ்வொரு நாளும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம்.

போன கிழமை கிளினிக் போனோம். டொக்டர் கைகளைப் பிடித்துப் பார்த்தார், முழங்காலை அமத்தினார், ரிப்போட்டைப் பார்த்தார். கொப்பியில் ஒரு எண்ணும் பக்கத்தில் ‘ரெமிஷன்’ என்ற சொல்லும் எழுதினார். வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள். விளக்கம் கேட்க எங்களுக்கும் மனம் வரவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அன்ரியிடம் “வருத்தம் மாறிட்டுது” என்று சொல்லிவிட்டார். அந்த முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் நாலு வருடமாகப் பார்க்கவில்லை. கை உண்மையிலேயே நல்லாகத்தான் இருக்கிறது. போன வருடம் இடியப்ப உரலைப் பிழிய முடியாமல் நெஞ்சோடு அணைத்து உடம்புப் பாரத்தால் அழுத்தினவர், இப்போது நின்றபடி பிழிகிறார். தேங்காயும் தானே திருவுகிறார்.

ஆனால் விடிய எழும்பும்போது நான் பார்க்கிறேன். கட்டிலில் இருந்து காலைக் கீழே வைத்ததும் ஒரு நிமிடம் அப்படியே இருக்கிறார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிக்காலில் மட்டும் பாரத்தைக் கொடுத்து குசினிக்குப் போகிறார். கேட்டால், “செருப்புக்குள்ள சோகி (சோழி) கிடக்கிற மாதிரி” என்கிறார். கோணேசர் கோயிலுக்குப் போய் இரண்டு மாதமாகிறது. வெறுங்காலோடு அந்தக் கல்லில் ஏற முடியாது என்கிறார்.

என் கேள்வி: ரெமிஷன் என்றால் சுகம் என்று அர்த்தமா? அப்படியென்றால் கால் ஏன் நோகிறது? குளிசையை நிறுத்தலாமா என்று அம்மா தினமும் கேட்கிறார்.

பாலையூற்று வாத்தியார் | வெள்ளி, இரவு 10.05

தங்கச்சி, மற்றவர்கள் விளக்கம் சொல்ல முதல் இதைச் சொல்லிவிடுகிறேன். குளிசையை நிறுத்த விடாதீர்கள்.

எனக்கும் இதே சொல்லைத்தான் எழுதினார்கள். நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்தேன், சுகம்தானே, ஈரலைக் கெடுக்கிற மருந்து இனி எதற்கு என்று. முதல் மாதம் ஒன்றுமில்லை. இரண்டாம் மாதம் காலையில் சோக்கட்டியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. மூன்றாம் மாதம் இரண்டு மணிக்கட்டும் வீங்கிவிட்டன. திரும்பவும் மருந்து தொடங்கி அது பிடிக்க இன்னும் மூன்று மாதம் போனது. இடையில் வலது மணிக்கட்டுக்குள் எலும்பு அரித்துவிட்டது. இப்போது அது பாதிதான் மடங்கும். கரும்பலகையில் மேல் வரியை இடது கையால் எழுதப் பழகியிருக்கிறேன்.

கிண்ணியாக் கரை | வெள்ளி, இரவு 10.31

மகள், உங்கள் உம்மாவின் கொப்பியில் இருக்கிற எண் ‘டாஸ் 28’ ஆக இருக்கும், வருத்தம் எவ்வளவு தீவிரம் என்று காட்டுகிற கணக்கு. அந்த 28 என்பது மூட்டுகளின் கணக்கு. எனக்கு 14 வருடமாக இந்த வருத்தம், அதனால் மனப்பாடம்: தோள் 2, முழங்கை 2, மணிக்கட்டு 2, விரல் அடி மூட்டு 10, நடு மூட்டு 10 (பெருவிரலின் மூட்டும் இதில்), முழங்கால் 2. கூட்டிப் பாருங்கள்.

கணுக்கால் அதில் இல்லை. பாதமும் இல்லை. கால் விரல் ஒன்றுகூட இல்லை.

எனக்கு இது தெரியவந்த நாளில் அழுகை வந்தது. இரண்டு வருடம் நான் “கால், கால்” என்று சொல்லியிருக்கிறேன், எண் மட்டும் நல்லாகவே இருந்தது.

உப்புவெளி மகள் | வெள்ளி, இரவு 10.44

கொப்பியை எடுத்துப் பார்த்தேன். ‘டாஸ் 28 – 2.58’ என்றுதான் இருக்கிறது. கீழே நோகும் மூட்டு 1, வீங்கிய மூட்டு 0, இரத்த ரிப்போட்டில் ஈ.எஸ்.ஆர் 12, சி.ஆர்.பி 4. அம்மாவிடம் ஒரு கோட்டைக் காட்டி இன்றைக்கு எப்படி என்று கேட்டார்கள், அதில் நூற்றுக்கு 20 என்று இருக்கிறது (0 என்றால் மிக நல்லம்). டொக்டரின் மதிப்பு 10.

இரவுக் கடமை | சனி, அதிகாலை 1.20

நான் வேறு மாவட்டத்தில் வேலை செய்யும் டொக்டர், ருமட்டோலொஜி (மூட்டு வருத்தங்கள்) நிபுணர் இல்லை. ஊர் திருகோணமலை. உங்கள் அம்மாவைப் பரிசோதிக்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் இந்த எண்கள் எப்படி வருகின்றன என்று சொல்லலாம். அது தெரியாமல் அந்தச் சொல்லை விளங்கிக்கொள்ள முடியாது.

டாஸ் 28 இல் நாலு விசயம் சேர்கிறது: நோகும் மூட்டுகள், வீங்கிய மூட்டுகள், ஈ.எஸ்.ஆர் (உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் இரத்தப் பரிசோதனை, சி.ஆர்.பி.யும் அப்படித்தான்), நோயாளி தானே சொல்லும் மதிப்பு. 2.6 க்குக் கீழே வந்தால் ரெமிஷன். 3.2 வரை குறைந்த தீவிரம், 5.1 க்கு மேலே கடுமை. அம்மாவுக்கு 2.58, கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே.

இந்தக் கணக்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரே பாரம் இல்லை. நோகும் மூட்டுக்குக் கொடுக்கிற பாரத்தில் பாதிதான் வீங்கிய மூட்டுக்கு. ஈ.எஸ்.ஆருக்கோ மிக அதிகம். ஒரு உதாரணம் போட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு நாலு மூட்டு வீங்கியிருக்கிறது, நோ இல்லை, ஈ.எஸ்.ஆர் 8, தன் மதிப்பு 10. விடை 2.16. நாலு மூட்டில் வீக்கத்தோடு ரெமிஷன். இன்னொருவருக்கு ஒரு மூட்டிலும் ஒன்றுமில்லை, ஆனால் ஈ.எஸ்.ஆர் 30, தன் மதிப்பு 20. விடை 2.66. அவர் ரெமிஷனில் இல்லையாம். இரத்தச்சோகை இருந்தாலே, வயது போனாலே ஈ.எஸ்.ஆர் ஏறும், மூட்டுக்குச் சம்பந்தமே இருக்காது.

இதனால்தான் 2011 இல் அமெரிக்க, ஐரோப்பிய ருமட்டோலொஜி அமைப்புகள் இரண்டும் சேர்ந்து இறுக்கமான வரையறை கொண்டுவந்தன. அதில் ஒரு வழிக்குக் கூட்டல் கழித்தல் கிடையாது. நோகும் மூட்டு 1 அல்லது குறைய, வீங்கிய மூட்டு 1 அல்லது குறைய, சி.ஆர்.பி ஒரு டெசிலீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது (நம் ரிப்போட்டுகளில் லீற்றர் கணக்கு, ஆகவே 10), நோயாளியின் மதிப்பு பத்துக்கு 1 அல்லது குறைய. நாலும் ஒரே நேரத்தில் இருக்கவேண்டும். 2022 இல் கடைசி ஒன்றை மட்டும் 2 ஆகத் தளர்த்தினார்கள். மூட்டெல்லாம் அமைதியாக இருந்தும் முதுகுவலி, தூக்கமின்மை, மனக்கவலை காரணமாக 1 என்று சொல்ல முடியாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள் என்பதே காரணம்.

அம்மாவைப் பாருங்கள். நோகும் மூட்டு 1, சரி. வீக்கம் 0, சரி. சி.ஆர்.பி 4, சரி. அவர் சொன்ன மதிப்பு 20, அதாவது பத்துக்கு 2. 2011 வரையறைப்படி ரெமிஷன் இல்லை. 2022 வரையறைப்படி ரெமிஷன்.

இன்னொரு அளவும் இருக்கிறது, சி.டி.ஏ.ஐ. இதற்கு இரத்தமே தேவையில்லை. நோகும் மூட்டு, வீங்கிய மூட்டு, நோயாளியின் மதிப்பு, டொக்டரின் மதிப்பு, நாலையும் அப்படியே கூட்டுவது (மதிப்புகள் இரண்டும் பத்துக்கு). 1 + 0 + 2 + 1 = 4. இதில் ரெமிஷனுக்கு 2.8 க்குள் இருக்கவேண்டும். ஆகவே குறைந்த தீவிரம், ரெமிஷன் இல்லை.

ஒரே அம்மா, ஒரே நாள், ஒரே கை. எந்தக் கோலால் அளந்தோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. இது அந்த டொக்டரின் பிழை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டாஸ் 28 உலகம் முழுக்கப் பாவிக்கிற அளவு, கூட்டம் நிறைந்த கிளினிக்கில் ஐந்து நிமிடத்தில் முடியக்கூடியது. ஆனால் பாதம் அதில் இல்லை என்று கிண்ணியாக் கரை அக்கா சொன்னது முழு உண்மை. 2011 இல் வரையறை எழுதியவர்களே, பாதத்தையும் கணுக்காலையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். காலில் தொடங்குகிற முடக்குவாதம் அபூர்வம் இல்லை. “செருப்புக்குள் சோகி” என்று அம்மா சொன்னது, முன்பாத மூட்டு வீங்கினவர்கள் சொல்வதோடு அப்படியே பொருந்துகிறது.

அடுத்த முறை, “டொக்டர், காலையும் ஒருக்கா அமத்திப் பாருங்கோ” என்று கேளுங்கள். விரல்களின் அடியைக் குறுக்காகப் பிடித்து மெல்ல நெரிப்பது அரை நிமிட வேலை.

மூதூர்த் தோணி | சனி, காலை 6.15

டொக்டர் தம்பி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். எனக்கு இந்த வருத்தம் இல்லை, மனைவிக்கு இருக்கிறது.

எனக்குத் தோன்றுவது, எங்களிடம் அந்தச் சொல் சரியாக இல்லாததுதான் பாதிப் பிரச்சினை. “சுகம்” என்றால் முடிந்துபோனது. “வருத்தம் மாறிட்டுது” என்றாலும் முடிந்ததுதான், காய்ச்சல் மாறுவது போல. ஒரு புத்தகத்தில் ‘நிவாரணம்’ என்று போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் நிவாரணம் என்றால் அரிசி, பருப்பு, வரிசை, முகாம். அதுவும் ஒத்துவராது. ‘தணிவு’ என்று எழுதுகிறார்கள், அது பரவாயில்லை.

ஆனால் கடலுக்குப் போகிறவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது. வாடைக் காலத்தில் இரண்டு நாள் காற்று விட்டால் “கடல் அடங்கியிருக்கு” என்போம். மாறிட்டுது என்று சொல்ல மாட்டோம், தை பிறந்து காற்றுத் திரும்பும் வரைக்கும் சொல்லவே மாட்டோம். மனைவியிடம் “வருத்தம் அடங்கியிருக்கு” என்று சொல்லத் தொடங்கிய பிறகு அவ மருந்தை மறக்கவில்லை. முந்தி மாதம் இரண்டு தடவையாவது மறப்பா.

கிண்ணியாக் கரை | சனி, காலை 7.02

“அடங்கியிருக்கு.” இதை நான் எடுத்துக்கொள்கிறேன் காக்கா.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | சனி, காலை 9.30

முப்பத்தொரு வருடம் தாதியாக வாட்டிலும் கிளினிக்கிலும் நின்றவள் நான். மகளிடம் இரண்டு கேள்வி. கிளினிக் அன்று விடிய அம்மா நோக்குளிசை ஏதும் போட்டாரா? இரண்டாவது, அந்தக் கோட்டில் 20 என்று காட்டும்போது வாயால் என்ன சொன்னார்?

உப்புவெளி மகள் | சனி, முற்பகல் 11.10

மிஸ்ஸி, இப்போதுதான் அம்மாவிடம் கேட்டேன். பஸ்ஸில் நின்று போகவேண்டும், பிறகு வாங்கில் நாலு மணித்தியாலம் இருக்கவேண்டும் என்று விடிய ஐந்து மணிக்கு டைக்ளோஃபெனக் ஒன்று போட்டாராம். ஒவ்வொரு கிளினிக்குக்கும் அப்படித்தானாம். எனக்குத் தெரியாது.

வாயால் சொன்னது “பரவாயில்லை டொக்டர்.”

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | சனி, நண்பகல் 12.20

நினைத்தேன். எத்தனை அம்மாமாரைப் பார்த்திருக்கிறேன். வாசலில் என் கையைப் பிடித்து “நித்திரையே இல்லை மிஸ்ஸி, கால் உளைஞ்சு கொல்லுது” என்பார்கள். உள்ளே போனதும் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு “பரவாயில்லை டொக்டர்” என்பார்கள். டொக்டருக்கு மரியாதை, வெளியே நிற்கிறவர்களுக்கு இடைஞ்சல் கொடுக்கக்கூடாது என்ற எண்ணம், குறை சொல்கிற ஆள் என்று பெயர் வந்துவிடும் என்ற பயம். அந்தப் ‘பரவாயில்லை’ எண்ணாக மாறிக் கணக்குக்குள் போகிறது. அவர் 40 என்று காட்டியிருந்தால் எவ்வளவு வரும், டொக்டர் தம்பி?

இரவுக் கடமை | சனி, பிற்பகல் 2.45

2.86 வரும் மிஸ்ஸி. ரெமிஷன் போய்விடும்.

நோக்குளிசை விசயமும் முக்கியம். அது சில மணித்தியாலத்துக்கு நோவைக் குறைக்கும், அதனால் அமத்தும்போது ‘ஆ’ என்று சொல்லவேண்டிய மூட்டு பேசாமல் இருக்கும். எலும்பு அரிப்பதை அது நிறுத்தாது. குடிக்கவே கூடாது என்று சொல்லவில்லை, ஆனால் அன்றைக்குப் போட்டதை டொக்டரிடம் சொல்லவேண்டும். மெத்தோட்ரெக்சேட்டோடு சேரும்போது சிறுநீரகத்தையும் கவனிக்கவேண்டும், அதற்காகவும் சொல்லவேண்டும்.

பிரெட்னிசோலோனையும் மறக்காதீர்கள். தினமும் 5 மில்லிகிராம் போட்டுக்கொண்டு வருகிற அமைதி வேறு, அது இல்லாமல் வருகிற அமைதி வேறு. 2022 இல் புதுப்பித்த ஐரோப்பிய வழிகாட்டலில் மருந்து குறைப்பதைப் பற்றி யோசிக்கவே ஒரு ஒழுங்கு இருக்கிறது: முதலில் ஸ்டெரொயிட் (அம்மாவுக்கு அது பிரெட்னிசோலோன்) முழுதாக நிற்கவேண்டும், அதற்குப் பிறகும் ரெமிஷன் குறைந்தது ஆறு மாதம் நிலைக்கவேண்டும். அதன் பிறகுதான் மெத்தோட்ரெக்சேட்டை மெல்லக் குறைக்கலாமா என்ற பேச்சு. குறைப்பது, நிறுத்துவது இல்லை. மருந்தே இல்லாமல் அடங்கியிருக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் சிறுபான்மை. இரத்தத்தில் ஏ.சி.பி.ஏ. (முடக்குவாதத்தோடு சேர்ந்து வரும் ஒரு பிறபொருளெதிரி) பொசிற்றிவ் என்றால் அந்த வாய்ப்பு இன்னும் குறைவு.

காலம் என்பது பழைய வரையறையிலும் இருந்தது. 1981 இல் அமெரிக்காவில் எழுதியதில் ஆறு நிபந்தனை: காலைப் பிடிப்பு (விடிய எழும்பும்போது மூட்டுகள் இறுகியிருப்பது) 15 நிமிடத்துக்குள், சோர்வு இல்லை, மூட்டு நோ இல்லை, அசைத்தாலோ அமத்தினாலோ நோ இல்லை, வீக்கம் இல்லை, ஈ.எஸ்.ஆர் பெண்களுக்கு 30 க்கும் ஆண்களுக்கு 20 க்கும் கீழே. ஆறில் ஐந்தாவது இரண்டு மாதம் தொடர்ந்து இருக்கவேண்டும். இன்றைக்கு யாரும் அதைப் பெரிதாகப் பாவிப்பதில்லை, அதன் நிபந்தனைகள் அளவுக்கு மிஞ்சி இறுக்கம். ஆனால் சோர்வையும் காலைப் பிடிப்பையும் கேட்டதற்காக அதன்மேல் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது. வீட்டில் சுவரைப் பிடித்து நடக்கிற ஆளை அது பார்த்திருக்கும்.

தம்பலகாமம் வயல் | சனி, மாலை 5.05

கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப் போங்கள். ஏழு கிணறு, ஏழிலும் சூடு வேறு வேறு. என் மாமியார் மாதம் ஒருக்கா போய் ஊற்றிவிட்டு வந்தால் மூன்று நாள் நல்லாக நடப்பார். இங்கிலீசு மருந்தை வருடக்கணக்காக உடம்புக்குள் விடுவதைவிட இது மேல்.

இரவுக் கடமை | சனி, இரவு 8.30

அண்ணா, கூட்டிப் போகட்டும். சூடு தசையை இளக்கும், பிடிப்பைக் குறைக்கும், மனதுக்கும் நல்லது. என் அப்பம்மாவும் போனவர். ஆனால் மருந்துக்குப் பதிலாக என்று சொல்லாதீர்கள். முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டு உறையைத் தாக்குகிறது. அந்தத் தாக்குதலை வெந்நீர் நிறுத்தாது. மூன்று நாள் நோ குறைந்திருக்கும்போதும் உள்ளே அரிப்பு நடந்துகொண்டே இருக்கும்.

ஸ்காபரோ அண்ணன் | ஞாயிறு, காலை 4.50

நான் கனடாவில், சொந்த ஊர் உவர்மலை. இங்கே என் மனைவிக்கு ஊசி போடுகிறார்கள், டோசிலிசுமாப். டாஸ் 28 ஒன்றுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. தங்கச்சியின் அம்மாவுக்கும் அப்படி ஒன்றுக்கு வழி பார்க்கலாமே? காசு சேர்க்கத் தேவையென்றால் சொல்லுங்கள்.

இரவுக் கடமை | ஞாயிறு, காலை 7.40

அண்ணா, உங்கள் மனம் பெரியது. இரண்டு விசயம் மட்டும். அந்த ஊசி சி.ஆர்.பி.யையும் ஈ.எஸ்.ஆரையும் நேராகவே கீழே இறக்கிவிடும், மூட்டு எந்தளவுக்கு அடங்கியது என்பதைவிட டாஸ் 28 கூடுதலாகக் குறைந்து காட்டும். அக்காவுக்கு சி.டி.ஏ.ஐ. எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, விலை கூடிய மருந்துக்கு முதல் செய்யவேண்டியது நிறைய இருக்கிறது. 2004 இல் கிளாஸ்கோவில் இருந்து ஒரு ஆய்வு வந்தது. டோசிலிசுமாப் மாதிரி விலை கூடிய மருந்து எதுவும் இல்லாமல், பழைய மருந்துகளையே வைத்து, ஒரு பகுதியினரை மாதாமாதம் பார்த்து, மூட்டை எண்ணி, இலக்கு வராவிட்டால் உடனே மருந்தைக் கூட்டினார்கள். மற்றப் பகுதியினரை வழக்கம் போலப் பார்த்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து முதல் பகுதியில் நூற்றுக்கு 65 பேர் ரெமிஷன், மற்றதில் 16 பேர். அடிக்கடி அளந்து, அளந்ததற்கேற்ப மாற்றியதுதான் பெரிய வித்தியாசம். எங்கள் கிளினிக்குகளில் இருக்கிற மருந்தோடும் இதைச் செய்யலாம். அதற்கு எண் உண்மையாக இருக்கவேண்டும்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | ஞாயிறு, காலை 10.15

அந்த எண் உண்மையாக வர வழி சொல்கிறேன் மகள். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். விடிய எழும்பினதில் இருந்து கால் இலகுவாக எத்தனை நிமிடம், எந்த மூட்டு நோகிறது, நோக்குளிசை போட்டாரா, அன்றைக்குச் செய்ய முடியாமல் போன வேலை எது. நாலே நாலு கோடு. ஞாயிறு குளிசையையும் அதில் சரி போடுங்கள், கிழமைக்கு ஒருநாள்தான். தவறி தினமும் போட்டு இரத்த அணுக்கள் விழுந்து வாட்டுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் திரும்பிப் போகவில்லை.

உப்புவெளி மகள் | ஐந்து கிழமைக்குப் பிறகு, புதன், இரவு 8.20

எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இன்றைக்குக் கிளினிக். டைக்ளோஃபெனக் போடாமல் போனோம், பஸ்ஸுக்குப் பதில் ஓட்டோ பிடித்தோம். கொப்பியை நான் கொண்டு போனேன். 35 நாளில் 29 நாள் காலைப் பிடிப்பு அரை மணித்தியாலத்துக்கு மேல் என்று எழுதியிருந்தது.

டொக்டர் அம்மாவிடம் எப்படி என்று கேட்டார். அம்மா வாயைத் திறந்தார், ‘பரவா’ வரைக்கும் வந்துவிட்டது. என்னைப் பார்த்தார். பிறகு, “கால் சரியா நோகுது டொக்டர், விடிய நடக்கேலாது” என்றார். டொக்டர் பேனாவை வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லிக் குனிந்து பார்த்தார். விரல் அடியை நெரித்ததும் அம்மா கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இடது காலில் இரண்டு மூட்டு, வலது காலில் ஒன்று வீக்கம் என்றார். கால் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். மெத்தோட்ரெக்சேட் எட்டுக் குளிசை ஆக்கினார், மாதம் ஒருக்கா இரத்தம் பார்க்கவேண்டும். இது பிடித்த பிறகு பிரெட்னிசோலோனைக் குறைக்கத் தொடங்குவோம் என்றார். கொப்பியைத் தானே புரட்டிப் பார்த்து, இதைத் தொடர்ந்து எழுதுங்கோ என்றார். எனக்குக் கோபமாக இருந்த மனிதர், இன்றைக்குப் பத்து நிமிடம் எங்களோடு இருந்தார்.

ரெமிஷன் என்ற சொல் இன்றைக்குக் கொப்பியில் இல்லை. அம்மாவுக்கு முகம் வாடித்தான் போனது. வரும் வழியில் ஓட்டோவுக்குள் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து மூதூர் அண்ணன் எழுதியதை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, “கை அடங்கியிருக்கு, கால் இன்னும் அடங்கேல்ல, அவ்வளவுதானே” என்றார். பிறகு பக்கத்து வீட்டு அன்ரியிடம் போய் அதையே சொல்லிவிட்டு வந்தார்.

மூதூர்த் தோணி | புதன், இரவு 9.05

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள் தங்கச்சி. எட்டுக் குளிசை பிடிக்கக் குறைந்தது ஆறு, எட்டுக் கிழமை எடுக்கும், மனைவிக்கும் அப்படித்தான் எடுத்தது. அதற்குள் மனம் விட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உப்புவெளி மகள் | புதன், இரவு 9.30

சொன்னேன் அண்ணா. ஞாயிறு வரட்டும் என்று சொல்லி, கொப்பியில் எட்டு வட்டம் தானே கீறி வைத்திருக்கிறார், ஒவ்வொரு குளிசைக்கும் ஒன்று.